பலெர்மோவில் மாமி பேசிய மலாய்

மலேசியாவின் சிரம்பானில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. வருஷக் கடைசி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. இத்தாலியின் பலெர்மோவிலிருந்து தவராசா, சரோவின் கணவர்.

“அக்கா, சரோவுக்குச் சரியில்லை. ஒண்டும் கேக்காதேங்கோ, முதல்ல இதைக் கேளுங்கோ” என்றார். ரிசீவரை யாருடைய வாயருகிலோ கொண்டுபோய்ப் பிடித்தார் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

ஒரு பெண் குரல். பதினெட்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. “மானா பூடாக்? மானா பூடாக்?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டது.

மலாய். பிள்ளை எங்கே, பிள்ளை எங்கே என்கிறது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் மலாய் அல்ல. அந்தக் காலத்தில் கடைத்தெருவில் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட மலாய். என்னை அறியாமல் “சியாப்பா?” என்றேன். யார்? குரல் சட்டென்று நின்றுவிட்டது.

“அது என்ன பாஷை அக்கா?” தவராசா மறுபடி வந்தார். “அரபாக்கும் எண்டு மரக்கறி விக்கிற துனிசியாக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தும் கேட்டுப் பாத்திட்டம். அவன் இல்லையெண்டிட்டான்.”

“மலாய்.”

“சரோவுக்கு மலாய் தெரியாதே!”

தெரியாதுதான். சரோ யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். மலாய் தெரிந்தது அவளுடைய அம்மாவுக்கு. என் அப்பாவின் தங்கை, இராசமணி மாமி. சிரம்பானில் பிறந்து, ஜப்பான்காரன் போன பிறகு கலியாணத்துக்காக யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியவர். திரும்பி வரவே இல்லை. முந்தின வருஷம் யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்து நடந்தபோது அவரும் நடந்தார். வன்னிக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில் உயிர் போனது. முன்பின் தெரியாத யாரோ கொள்ளி வைத்தார்கள். ஒரே மகளான சரோவுக்குச் செய்தி போய்ச் சேர ஏழு வாரம் ஆயிற்று.

மாமியின் ஆட்டைத் திவசம், முதல் வருஷத் திதி, நெருங்கிக்கொண்டிருந்தது. விடுமுறை தொடங்கிய மறுநாள் புறப்பட்டேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. என் பெயர் பரமேஸ்வரி. ஐம்பத்து மூன்று வயது. அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. பிள்ளையில்லாமலே மனைவியை இழந்தவர். நான் அவர் பெற்ற பிள்ளை அல்ல. பிறப்பால் சீனத்தி. ஜப்பான்காரன் காலத்தில், உயிருக்கும் சோற்றுக்கும் பயந்து சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர் வீடுகளில் கொடுத்தபோது, கைக்குழந்தையாக வந்தவள். பேச்சு யாழ்ப்பாணம். சாப்பாடு யாழ்ப்பாணம். முகம் மட்டும் எதையும் ஒளிக்காது.

பலெர்மோ விமான நிலையத்தில் முதல் ஆளாக என்னைத்தான் நிறுத்தினார்கள். முகத்துக்காக அல்ல, மூட்டைக்காக. மாமிக்குப் பிடிக்கும் என்று பெலாச்சான் கட்டி நான்கு கொண்டு போயிருந்தேன். இறாலை அரைத்து வெயிலில் காயவைத்த அந்தச் சரக்கின் வாசனை எத்தனை பிளாஸ்டிக் பையில் சுற்றினாலும் நிற்காது. சுங்கக்காரர் பையைத் திறந்தார். இரண்டடி பின்னால் போனார். பிறகு மறுபடியும் குனிந்து, இந்தத் தடவை ஆசையோடு மோந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் மோந்தார். “இவர் தன்ர தாய் நெத்தலிக் கருவாடு போடுற ஜாடி மாதிரி மணக்குதாம், நீங்கள் போகலாமாம்” என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து தவராசா சத்தம் போட்டு மொழிபெயர்த்தார்.

சரோவை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். முப்பது வருஷம் கடிதம் எழுதியிருக்கிறோம். பல்லரோச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டை தோளிலிருந்து வழிந்தது. அவ்வளவு மெலிவு.

“மச்சாள், நீங்கள் உங்கட எழுத்து மாதிரியே இருக்கிறியள்” என்றாள். “நேராக.”

கட்டிப்பிடித்தபோது எலும்பு தட்டியது. ஒரு மாதமாக ஒரு வேளைச் சாப்பாடுகூட ஒழுங்காக இறங்குவதில்லை என்று தவராசா பிறகு சொன்னார். வேலை செய்யும் வீட்டில் இரண்டு தடவை ‘அது’ வந்துவிட்டது. வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், அந்தத் தாள் போனால் இந்த நாட்டில் இருக்க முடியாது. அவர் பயம் அது. சரோவின் பயம் வேறு; அந்த மலாய்க்கு அர்த்தம் நான் டெலிபோனிலேயே சொல்லியிருந்தேன். “அம்மா என்னைத் தேடேல்லை மச்சாள். அவ வேற ஒரு பிள்ளையைத் தேடுறா” என்றாள்.

அன்று மாலை புளி வாங்கச் சந்தைக்கு இறங்கினேன். பல்லரோ நம்மூர்ப் பாசார் மாதிரிதான், சத்தம் மட்டும் மூன்று மடங்கு. வாள்மீனின் தலையை மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் குழந்தைத் தலை அளவு. ஒரு தமிழ்க் கடையில் புளி உருண்டையை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள்.

“உந்தச் சீனத்தி என்னத்துக்குப் புளியைப் போட்டு அமத்துறா?” என்றாள் ஒருத்தி.

“குழம்புக்குத்தான் பிள்ளை” என்றேன். “உது பழம்புளியோ, புதுசோ?”

அவளுக்கு வாய் திறந்தபடி நின்றது. மற்றவள் சிரித்துச் சிரித்து அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். மன்னார்க்காரிகள். நான் யார் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று கேட்டு, புளிக்கு மேல் ஒரு பிடி கறிவேப்பிலையும் வைத்து அனுப்பினார்கள். படியேறும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்தத் தமிழைப் பேசுவதில் ஒரு தனிச் சுகம் உண்டு.

இரண்டாம் நாள் சரோவோடு வேலைக்குப் போனேன். பொலித்தெயாமா அரங்குக்குக் கிட்ட பழைய பெரிய வீடு. வீட்டுக்கார அம்மாள், சின்யோராவுக்கு எழுபது வயது. பதினேழு வயதில், ஊருக்குள் அமெரிக்கப் பட்டாளம் வந்தபோது கற்றுக்கொண்ட இங்கிலீஷை இன்னும் விடாமல் வைத்திருந்தார். அதனால் எனக்கும் அவருக்கும் பேச வழி இருந்தது.

பகல் பன்னிரண்டு இருக்கும். சரோ குசினியில் கார்ச்சோபி உரித்துக்கொண்டிருந்தாள். தாமரை மொட்டுக்கு முள் முளைத்த மாதிரி ஒரு காய். வெளி இதழ்களைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போனால் நடுவில் கொஞ்சம் மிஞ்சும். கத்தி கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தேன்.

சரோ தரையில் இருந்தாள். சப்பாணி கட்டாமல், இரண்டு காலையும் ஒரு பக்கம் மடக்கி, மலாய்ப் பெண்கள் பாயில் உட்காருகிற மாதிரி. இடுப்பிலிருந்த ஏப்ரனைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தாள். முகம் அவளுடையதுதான். ஆனால் நாற்பத்தாறு வயது அதிலிருந்து போய்விட்டிருந்தது.

“ஜாங்ஙான் தாக்குட், ஞோஞா” என்றது அந்த இளம் குரல். “சாயா ஜாகா.”

பயப்படாதீர்கள் ஞோஞா, நான் பார்த்துக்கொள்கிறேன். மணமான சீனப் பெண்ணை நம்மூரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு மடமடவென்று பேசியது. வீடு கிட்டத்தான் ஞோஞா. ரயில்வே குவார்ட்டர்ஸ். அண்ணன் நல்லவர். மாதம் ஒரு தடவை தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறேன். அழாதீர்கள். அழுதால் பிள்ளையும் அழும்.

மாமி யாரிடம் பேசுகிறார் என்று தெரிந்துவிட்டது. அந்தச் சுருட்டிய துணி யார் என்றும் தெரிந்துவிட்டது.

என்னைப் பெற்றவளைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது ஒரே வரி: கொடுத்தாள், திரும்பிப் பார்க்காமல் போனாள். அப்பா அதற்கு மேல் பேச மாட்டார். நானும் கேட்டதில்லை. ஐம்பது வருஷம் அந்த வரியோடு வாழ்ந்துவிட்டேன். இங்கே ஒரு பலெர்மோக் குசினியில் அவள் அழுதிருக்கிறாள் என்று தெரியவருகிறது.

குரல் மாறியது. துணியை விரித்துப் பார்த்தது. “மானா பூடாக்?”

நான் முன்னால் முழங்கால் போட்டேன். “சீனி” என்றேன். இங்கே. “நான்தான் மாமி.”

சரோவின் கண் என் முகத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. நெற்றி, மூக்கு, நரைத்த மயிர். பிறகு தலையை ஆட்டியது. “பூக்கான். பூடாக் கெச்சில்.” இது இல்லை. பிள்ளை சின்னது.

அவ்வளவுதான். சரோ சரிந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். நான் அழுதேனா என்று நினைவில்லை. கார்ச்சோபி இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்கள் நீ எங்கள் ஆள் இல்லை என்று சொன்னால் பதில் சொல்லலாம். செத்தவரே சொன்னால்?

சின்யோரா பயந்திருப்பார், சரோவை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் காப்பி போட்டார். அலமாரியிலிருந்து ஒரு தட்டு எடுத்து வைத்தார். பாதாம் மாவில் செய்த சின்னச் சின்னப் பழங்கள். நிஜ ஆரஞ்சு, நிஜ அத்திப்பழம் என்றே கையில் எடுத்தேன்.

“இந்த மாதம் இரண்டாம் தேதி எங்கள் செத்தவர்களின் நாள். இது அன்றைக்கு வந்தது” என்றார். “இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பொம்மையும் மிட்டாயும் கொண்டுவருவது அவர்கள்தான். என் அப்பா செத்த வருஷம் எனக்கு ஒரு சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போனார். நாங்கள் அவர்களைத் துரத்துவதில்லை. உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு மாதமாகத் துரத்தத்தான் வழி பார்க்கிறார்கள். எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். சரோவின் அம்மா ஏதோ கொண்டு வந்திருக்கிறாள். வாங்கிக்கொள்ள வேண்டியவள் நீ.”

மூன்றாம் நாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை பலெர்மோத் தமிழர்கள், கிறிஸ்தவ வேதக்காரர் சைவக்காரர் என்று பார்க்காமல், பெல்லெகிரினோ மலைமேல் இருக்கிற சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் போவார்கள். எங்களுக்குப் பத்துமலை மாதிரி, இதுவும் குகைக்குள் கோயில்.

போன பஸ் பாதி மலையில் நின்றுவிட்டது. முதல் நாள் மழைக்குக் கல் சரிந்து ரோட்டில் கிடந்தது. டிரைவர் இறங்கிக் கல்லைப் பார்த்தார், சிகரெட் பற்றவைத்தார், அதோடு அவர் வேலை முடிந்தது. ஆரஞ்சு ஏற்றிவந்த ஒரு மூன்று சக்கர வண்டிக்காரர் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வண்டியை நுழைத்தார். தவராசா கை காட்டினார். பிறகு நானும் சரோவும் ஆரஞ்சுகளின் மேல் உட்கார்ந்து மலையேறினோம். தவராசா பின்னால் ஒரு காலைத் தொங்கவிட்டபடி வந்தார். ஒவ்வொரு வளைவிலும் நாலைந்து ஆரஞ்சு கழன்று உருண்டன. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். “உங்களைப் பிடிக்கச் சொல்லுறார், ஆரஞ்சை இல்லையாம்” என்று சரோ சொல்லிச் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதானாம்.

குகைக்குள் பாறை சொட்டிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரைத் தகரப் பீலிகள் பிடித்து ஓரமாகக் கொண்டுபோகின்றன. மெழுகுதிரி வாசனை, ஈரக் கல் வாசனை. ஓரத்தில் உட்கார்ந்து சரோவிடம் முதல் நாள் கேட்டதையெல்லாம் சொன்னேன்.

“உங்களுக்குத் தெரியாதோ?” என்றாள் ஆச்சரியமாக. “மாமா சொல்லேல்லையோ? உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது அம்மாதான். கடைக்குப் போனவ பிள்ளையோட வந்து நிண்டாவாம். மாமா பேசினவராம், சமைக்கிறதுக்கு அரிசி இல்லாத நேரத்தில பிள்ளையோ எண்டு. அம்மா விடேல்லை. மூண்டு வருஷம் அவதான் வளத்தவ. கப்பல் ஏறேக்கை அந்தச் சீனப் பொம்பிளையைத் தேடிப் போனவவாம். கடை பூட்டிக் கிடந்ததாம். சொன்ன சொல்லை நான் காப்பாத்தேல்லை எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ. எனக்கு அது என்ன சொல்லெண்டு தெரியாது.”

அப்பா ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மாமி திரும்பி வருவார் என்று நான் காத்திருக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

அங்கேதான் ஐயாவைக் கண்டோம். வாரநாட்களில் மாடிப்படி துடைக்கிறவர். சைவக்காரர்களின் நல்லது கெட்டதுக்கு மந்திரம் சொல்கிறவரும் அவரே. நாளைக்குத் திவசம் என்று தவராசா ஞாபகப்படுத்தினார்.

“ஓம், வாறன். ஆர் செய்யிறது? மருமகன் நீர்தானே?”

“மச்சாள் செய்வா” என்றாள் சரோ.

ஐயா என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், சங்கடப்பட்டார். “மருமகன் இருக்கேக்கை... தத்தெடுத்த பிள்ளை. அதுகும் பொம்பிளை. அதுகும்...” நிறுத்திக்கொண்டார்.

இந்த நிறுத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா போனபோது. பத்து வருஷம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கை மாற்றியவள் நான். கலியாணம்கூட வேண்டாம் என்றிருந்தேன். கொள்ளி வைக்கக் கிள்ளானிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவருக்கு அப்பாவின் முழுப்பெயர் தெரியாது. என்னிடம் வந்து கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அறுநூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற தலைமையாசிரியை, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. எனக்காக வேறு யாரும் திறக்கவுமில்லை.

“அதுகும் சீனத்தி. சொல்லுங்கோ ஐயா, ஏன் விழுங்குறியள்?” என்றாள் சரோ. எழும்பி நின்றுவிட்டாள். காற்றடித்தால் விழுகிற உடம்பு. குரல் பாறையில் பட்டுத் திரும்பியது. மெழுகுதிரி விற்கிற கன்னியாஸ்திரி எட்டிப் பார்த்தார். “எங்கட அம்மா தன்ர கையால தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை இவ. நான் பிறக்க முதலே அந்த மடியில இருந்தவ. எனக்கு மூத்தவ. நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ ஐயா, அதுக்குத்தான் உங்களைக் கேட்டது. ஆர் செய்யிறது எண்டதை நான் சொல்லுறன்.”

ஐயா குகைக்கு வெளியே போய்விட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். எனக்கு அதில் வருத்தமே வரவில்லை. குகையிலிருந்து வெளியே வந்தபோது கீழே முழு பலெர்மோவும், துறைமுகமும், கடலும் விரிந்து கிடந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை.

திவசம் அரெனெல்லாவில், மலையடிவாரத்துக் கடற்கரையில். காலை எட்டு மணி. மணல் கொஞ்சம், கல் அதிகம். இரண்டு மீன்காரர்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வாழையிலைக்கு எங்கே போவது என்று தவித்தபோது சின்யோராதான் தன் முற்றத்து வாழையிலிருந்து ஒரு முழு இலை வெட்டிக் கொடுத்திருந்தார். காய்க்காத வாழை; அழகுக்கு வளர்க்கிறாராம். விரதச் சாப்பாட்டோடு பெலாச்சான் சம்பலும் இடித்து வைத்தேன். திவசத்துக்கு இறாலா என்று தவராசா கண்ணால் கேட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஐயா வந்தார். கம்பளித் தொப்பியோடு, தர்ப்பையை ஒரு ரொட்டிக்கடைப் பாண் பையில் சுற்றிக்கொண்டு, எட்டுக்கு ஒரு நிமிஷம் முன்னால். “தெற்கை பாத்து இருங்கோ பிள்ளை” என்றார் என்னிடம்.

நான் பிண்டம் இரண்டு உருட்டியிருந்தேன். முதலாவதற்கு இராசமணி என்று பெயர் சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

“இது?” என்றார் ஐயா, இரண்டாவதைக் காட்டி.

“என்னைப் பெத்தவவுக்கு.”

“பேர்?”

“தெரியாது.”

“கோத்திரம்... சரி, அதை விடுவம். இருக்கிறாவோ இல்லையோ எண்டாவது?”

“அதுவும் தெரியாது ஐயா. இருந்தால் எழுபது வயதாவது இருக்கும்.”

அவர் எள்ளை என் பக்கம் நகர்த்தி வைத்தார். “பேர் தெரியாதவைக்கும், ஆருமில்லாதவைக்கும் எண்டு ஒரு மந்திரம் இருக்கு” என்றார். “சொல்லுறன். தண்ணியை விடுங்கோ.”

சொன்னார். விட்டேன். எனக்கு அது போதவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த மந்திரம் என்ன விளங்கும்? நான் யாரையும் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் அல்ல. நாக்கு அந்தச் சொல்லுக்குப் பழக்கமில்லை. மலாயில்தான் வந்தது. “மாக்” என்றேன். “மாக்கான், மாக்.” அம்மா, சாப்பிடுங்கள்.

பின்னால் சரோ எழுந்த சத்தம் கேட்டது.

திரும்பினேன். கைகளை நெஞ்சோடு அணைத்து, எதையோ தூக்கி வைத்திருக்கிற மாதிரி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, தண்ணீர் தொடங்குகிற இடத்தை, ஓர் ஆள் உயரத்தில் பார்த்தாள். பிறகுதான் கண் என்னிடம் இறங்கியது. என் முகத்தில் நின்றது. இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை.

“தெங்ஙோக், ஞோஞா” என்றது அந்தப் பதினெட்டு வயதுக் குரல். மூச்சுவாங்க, தூரத்திலிருந்து ஓடி வந்த மாதிரி. “சூடா பெசார். ஆனாக் கித்தா.”

பாருங்கள் ஞோஞா. பெரியவளாகிவிட்டாள். நம் பிள்ளை.

மலாயில் ‘காமி’ என்றால் நாங்கள். எதிரே நிற்பவரை அதில் சேர்ப்பதில்லை. ‘கித்தா’ என்றால் நாம். இதை நான் முப்பது வருஷம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். மாமி ‘காமி’ என்று சொல்லவில்லை. எங்கள் பிள்ளையாக்கிவிட்டோம் என்று சொல்லவில்லை. உங்களுக்கும் எனக்கும் என்றார்.

பதில் ஏதோ வந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை. சரோ தலையைச் சாய்த்துக் கேட்டாள், சிரித்தாள், இரண்டு தடவை தலையசைத்தாள். வலை பொத்திய மீன்காரர்களில் மூத்தவர் எழுந்து நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, நெஞ்சோடு அணைத்திருந்த அந்தக் கைகள் மெதுவாகப் பிரிந்து இரண்டு பக்கமும் தொங்கின. ஐம்பது வருஷம் தூக்கி வைத்திருந்ததை இறக்கிவிட்ட மாதிரி.

சரோ கண்ணைக் கசக்கினாள். வெயிலைப் பார்த்தாள். அவள் சொன்ன முதல் சொல்: “பசிக்குது.”

தவராசா ஓடினார். ரோட்டோரக் கடையிலிருந்து பனெல்லே வாங்கி வந்தார். கடலைமாவைக் கிண்டி, மெல்லிசாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து தருகிறார்கள். நம்மூர்க் கடலை வடைக்குத் தூரத்துச் சொந்தம். சரோ மூன்று பாண் சாப்பிட்டாள். நாலாவதில் பெலாச்சான் சம்பலைத் தடவிக் கொண்டாள். ஐயாவும் ஒன்று வாங்கிக்கொண்டார். “சம்பல் இல்லாமல்” என்றார். அவளுடைய ஒவ்வொரு வாயையும் தவராசா எண்ணுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ‘அது’ வரவில்லை. அந்த வாரம் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் ஊர் சுற்றினோம். கபோச் சந்தையில் சரோ ஒவ்வொரு கடைக்காரரிடமும் என்னை நிறுத்தி அறிமுகப்படுத்தினாள். “இவ மலேசியாவில பள்ளிக்கூடத் தலைமையாசிரியை” என்று தமிழிலேயே ஆரம்பித்து, பிறகு ஞாபகம் வந்து இத்தாலியனில் சொல்வாள். ஒரு ஆலிவ் கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

எட்டாவது நாள், வெளிநாட்டுக்காரி வந்து தங்கியிருப்பதைக் குவெஸ்தூரா என்கிற போலீஸ் அலுவலகத்தில் பதியவேண்டும் என்று போனோம். காலை ஏழரைக்கே வரிசை கட்டிடத்தைச் சுற்றி நின்றது. துனிசியாக்காரர், கானாக்காரர், பாதிக்கு மேல் நம் ஆட்கள். மூன்று மணி நேரம் நின்று கண்ணாடிக்கு முன்னால் வந்து சேர்ந்தோம். உள்ளே கண்ணாடி போட்ட நடுவயது அதிகாரி. என் மலேசியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், சரோவின் தாள்களைப் பார்த்தார். படிவத்தில் ஓர் இடத்தில் பேனாவை நிறுத்திக் கேட்டார். தங்கவைத்திருப்பவருக்கு இவர் என்ன உறவு?

மச்சாளுக்கு அந்த ஊர்ப் பாஷையில் என்ன சொல் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சரோ யோசிக்கவில்லை.

“சொரெல்லா” என்றாள். சகோதரி.

அதிகாரி தலையை நிமிர்த்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற யாரோ தமிழில் சிரித்தார்கள். சரோ திரும்பிப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

“சொரெல்லா?” என்றார் அவர் மறுபடியும். கேலி இல்லை, எழுதுவதற்கு முன் சரிபார்க்கிற கேள்வி. பிறகு இன்னொன்று கேட்டார்.

“தகப்பன் வழியோ, தாய் வழியோ எண்டு கேக்கிறார் மச்சாள்” என்றாள் சரோ.

நான் கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றேன்.

“தாய் வழி எண்டு சொல்லு” என்றேன்.

சொன்னாள். அவர் எழுதி, முத்திரை குத்தி, தாளை என் கையில் தந்தார்.